குறட்டை நின்றால் கவனியுங்கள்

கேள்வி: என் கணவர் படுத்ததும் குறட்டை விடுகிறார். நிம்மதியான தூக்கம்தானே?

பதில்: குறட்டையை விடுங்கள் சகோதரி, அது சட்டென்று நிற்கிறதா என்று பாருங்கள். தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைபட்டால் 10 விநாடி, அதற்கு மேலும்கூட மூச்சு நின்று, திணறலோடு திரும்பும். மணிக்கு 30 முறைக்கு மேல் இப்படித் தவிப்பவர்கள் உண்டு. இரவெல்லாம் படுத்திருப்பார், தூங்கியிருக்க மாட்டார். விளைவு காலைத் தலைவலி, பகல் தூக்கம், ஏறும் ரத்த அழுத்தம், பக்கவாத ஆபத்து. வண்டி ஓட்டுகிறவரென்றால் எனக்குக் கூடுதல் பயம்.

அவர் அறியாத நோய்க்கு நீங்கள்தான் கண்கண்ட சாட்சி. செல்போனில் பதிவுசெய்து மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கப் பரிசோதனை செய்வார்கள். 1981-ல் மருத்துவர் காலின் சல்லிவன் குழு அறிமுகப்படுத்திய 'சிபாப்' கருவி, காற்றழுத்தத்தால் அந்தத் தொண்டை வழியைத் திறந்தே வைத்திருக்கும். உங்களுக்கும் தூக்கம் வரும்!