அருப்புக்கோட்டை–திருச்சுழிச் சாலையில் சைக்கிள்: ஒரு திசையியல் ஆய்வு

வேனிற்காலத்தில் சைக்கிளில் ஊர் சுற்றுவது உடம்புக்கு நல்லது என்று எழுதியவர்கள் எவரும் அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியிலிருந்து கிளம்பிப் போய்விட்டு வந்து எழுதியதாகத் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்க வந்தது இந்த ஆய்வு. கருதுகோள் இதுதான்: கரிசக்காட்டில் சைக்கிள் மிதிப்பவரின் சுகதுக்கத்தைத் தீர்மானிப்பது கியரும் அல்ல, கால்பலமும் அல்ல, சாலையின் எந்த முனையில் அவர் வீடு இருக்கிறது என்பதே.

இனி நிரூபணம். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 9.5 பாகையை ஒட்டி இருக்கின்றன. திருச்சுழி கிழக்கே. அருப்புக்கோட்டைக்காரர் காலையில் அங்கே கிளம்பினால் சூரியன் நெற்றிக்கு நேரே. சோலியை முடித்துச் சாயங்காலம் மேற்கே திரும்பினால் மறுபடியும் நெற்றிக்கு நேரே. திருச்சுழிக்காரருக்கோ போகும்போதும் முதுகில், வரும்போதும் முதுகில்.

ஆனி, ஆடியில் மேல்காற்று வேறு சேர்ந்துகொள்ளும். கொண்டுவந்த மழையையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வெறுங்கையோடு வரும் காற்று அது. திருச்சுழிக்காரர் காலையில் எதிர்காற்றில்தானே மிதிக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான ஆட்சேபம். ஆனால் காற்றும் விடியற்காலையில் சோம்பல்தான். பொழுது ஏறிய பிறகே புழுதியை அள்ளத் தொடங்கும். சாயங்காலம் அது திருச்சுழிக்காரரைத் தள்ளிக்கொண்டு போய் வீட்டில் விடும். அருப்புக்கோட்டைக்காரர் வெயிலையும் காற்றையும் ஒரே முகத்தில் வாங்குவார்.

திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமண மகரிஷியைச் சான்றாகச் சேர்க்க முடியவில்லை. 1896-ல் மதுரையில் ரயிலேறித் திருவண்ணாமலைக்குப் போனவர் திரும்பவே இல்லை. போய் வந்தால்தான் நம் சூத்திரம் பொருந்தும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சித்திரை முதல் தேதியை ஒட்டி, நண்பகலில் சூரியன் இந்த அட்சரேகைக்கு நேர் உச்சிக்கு வருகிறது. சைக்கிளின் நிழல் சைக்கிளுக்கு அடியிலேயே சுருண்டுகொள்ளும். அந்தச் சில நிமிடம் இரண்டு ஊராரும் சமம். சீட்டில் யாராலும் உட்கார முடியாது.

ஊருக்குள் சுற்றுவது தனித்துறை. நெசவுத் தெருவில் பாவு நீட்டியிருந்தால் இறங்கி உருட்ட வேண்டும், அவ்வளவுதான்.

முள்ளைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதாக வகுத்தார், உரிப்பொருள் பிரிவு. இங்கே பிரிவது காற்று, பிரியப்படுவது டியூப். 1888-ல் பெல்ஃபாஸ்டில் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்துகொடுத்த டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். அவர் தெருவில் சீமைக்கருவேல் இல்லை. இந்த மரத்தை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் உத்தரவு போட்டது; மரத்துக்குத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

பஞ்சர்க் கடையில் டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் முக்கித் திருப்புவார்கள். குமிழி வந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து ஒட்டுப் போடுவார்கள். கற்றுக்குட்டி அத்தோடு டயரை மாட்டிவிடுவான். விவரம் தெரிந்தவர் மாட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கம் பெருவிரலை மெதுவாக ஓட்டுவார். “அண்ணாச்சி, முனை முறிஞ்சு உள்ளேயே நிக்குது பாருங்க” என்று ஊசிமுனையளவு கறுப்பை நகத்தில் எடுத்துக் காட்டுவார். அது அங்கேயே இருந்தால் அடுத்த பஞ்சர் அடுத்த ஊர் தாண்டாது. முள்ளுக்குத் திசை கிடையாது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

கருதுகோளுக்குப் பெரிய சிக்கல் நைட் ஷிப்டிலிருந்து வருகிறது. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை மில்லுக்கு இரவு வேலைக்கு வருகிறவர் சாயங்காலம் மேற்கே மிதிக்கிறார், விடிந்ததும் கிழக்கே. இரண்டு தடவையும் வெயில் முகத்தில். வரும்போது எதிர்காற்றும் உண்டு. அவர் பகல் ஷிப்டிலிருந்து இரவுக்கு மாறும் வாரத்தில், வீடும் மாறாமல் வாடகையும் ஏறாமல், முழு அருப்புக்கோட்டைக்காரராகிவிடுகிறார்.