தஞ்சைக் கூடத்துக் கணினிகளில் உளவுநிரல் படிவுகள்: ஓர் அகழாய்வு

1. தோற்றுவாய்

காவிரிப் படுகையில் நெல்லையும் நெல்லின் பகைகளையும் ஆராய ஆடுதுறையில் 1922 முதல் ஒரு நிலையம் இருக்கிறது. அதே படுகையில், கூடத்து மூலையில் பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கணினியின் பகைகளை ஆராய ஒரு கொட்டகைகூட இல்லை. இப்பெருங்குறையைப் போக்கவே இவ்வாய்வு. இப்பொருள் குறித்து இதற்குமுன் எவரும் எழுதவில்லை என்று தொடக்கத்தில் எழுதுவது மரபு. தேடிப்பார்க்காமல் எழுதுவதும் மரபு. இரண்டையும் காத்திருக்கிறோம்.

2. ஆய்வு எல்லை

மேற்கே கல்லணை; வடக்கே கொள்ளிடம்; கிழக்கே கடல்; தெற்கே நெறியாளருக்குச் சொந்தக்காரர் இருக்கும் ஊர்வரை. கைபேசி இதில் அடங்காது. அதற்கு நெறியாளர் வேறு.

3. பகுப்பு

நாம் போகும் தளம், தட்டும் எழுத்து, கடவுச்சொல் ஆகியவற்றை அள்ளிக்கொண்டு போய் மூன்றாம் மனிதரிடம் கொடுப்பது உளவுநிரல். கேட்காமலே விளம்பரம் காட்டுவது விளம்பரநிரல். இவ்விரண்டையும் செய்துகொண்டே, 'உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே பணம் கட்டுங்கள்' என்று கூவுவது போலி ஆன்டிவைரஸ். நான்காவது வகை ஒன்று உண்டு என்பர். அவர்கள் நம் கட்சியல்லர்.

4. வழிவழி வந்த காப்பு முறைகள்

தெய்வக் காப்பு: ஆயுத பூசையன்று மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், சிபியுவுக்கு மாலை. அன்று முழுவதும் கணினியை யாரும் தொடுவதில்லை என்பதால் எந்த நிரலும் நுழைவதில்லை. இதுவரை அறியப்பட்டவற்றுள் முழுப்பயன் தரும் முறை இது ஒன்றே. மறுநாளுக்குப் பொருந்தாது.

மின்வாரியக் காப்பு: மேற்கண்டதே, ஆண்டு முழுவதும். 2012 வாக்கில் உச்சம் பெற்றுப் பின்னர் அருகியது.

உறவுமுறைக் காப்பு: இன்ஜினியரிங் படிக்கும் மச்சினன் வந்து ஃபார்மட் அடிப்பது. உளவுநிரல் போகும். குழந்தையின் காதுகுத்துப் படங்களும் கூடவே போகும்.

களவுக் காப்பு: காசு கொடுக்காமல் 'கிராக்' போட்டு ஓட்டும் ஆன்டிவைரஸ். உளவுநிரலுக்கு மிகப் பிடித்த வாகனம் இதுவே.

மூலிகைக் காப்பு: தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் காக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துப் பொட்டலம் கட்டி வைப்பார்கள். அப்பொட்டலத்தைச் சிபியுவுக்குள் வைத்துச் சோதித்தோம். கரப்பான்பூச்சி ஓடிவிட்டது. டூல்பார் ஓடவில்லை. எனினும் இரண்டில் ஒன்று ஓடியதால் சோதனை வெற்றி எனக் கொள்க.

5. அகழாய்வு

ஒரு கணினியின் வயதை அதன் பில்லைப் பார்த்து அறியலாம் என்பது பாமரர் கொள்கை. பிரவுசரின் தலைமாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகிடக்கும் டூல்பார்களை அடுக்கடுக்காகத் தோண்டி அறிவதே அறிவியல். எட்டு டூல்பார் படிந்த கணினியில் பட்டா சிட்டா பக்கம் இரண்டு விரற்கடை உயரத்துக்குத்தான் தெரியும். நிலம் எவ்வளவு இருந்தாலும் அவ்வளவுதான்.

அடுக்கு 1, அதாவது அடிமட்டம்: ஊதாக் குரங்குக் காலம். 'பான்சிபடி' என்னும் ஊதா நிறக் குரங்கு திரையில் குதிக்கும், பாடும், ஜோக் சொல்லும், நடுவே நம் ஊர் பேர் கேட்கும். பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளைகளின் விவரங்களைச் சேர்த்தது தொடர்பாக அதை வெளியிட்ட நிறுவனம் 2004இல் அமெரிக்க அரசுக்கு 75,000 டாலர் கட்டியது. இதெல்லாம் எளிய செய்தி. கடினமான சிக்கல் வேறு. வாலில்லாததால் இது குரங்கன்று, கொரில்லாவே என்பார் ஒரு சாரார். வால் இருந்து பிற்காலத்தில் ஒடிந்தது என்பார் மறுசாரார். (காண்க: மேற்படி குரங்கு, பின்புறத் தோற்றம்.) இருசாராரும் ஒரே துறையில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

அடுக்கு 2: 'கேட்டர்' காலம். படிவங்களையும் கடவுச்சொற்களையும் தானே நிரப்பித் தருகிறேன் என்று இலவசமாக வந்தமர்ந்து, நாம் எங்கே போகிறோம் என்று பார்த்து, அதற்கேற்ற விளம்பரத்தை முகத்தில் எறிந்தது. பேர் நாறியபின் 2003இல் நிறுவனம் 'கிளேரியா' என்று பெயரை மாற்றிக்கொண்டது. எண்கணிதப்படியா என்பது தனி ஆய்வுக்குரியது. (ஒப்புநோக்குக: டெஸ்க்டாப்பில் 'நியூ ஃபோல்டர் 2', அதனுள் 'நியூ ஃபோல்டர் 2', அதனுள் 'ஃபைனல்'.)

அடுக்கு 3: 'ஆஸ்க்' காலம், 2010ஐ ஒட்டிய ஆண்டுகள். ஜாவாவைப் புதுப்பிக்கப் போனால், கட்டத்தில் முன்கூட்டியே டிக் அடித்து வைத்த 'ஆஸ்க் டூல்பார்' கூடவே ஏறிவிடும். தேடுபொறியையும் முகப்புப் பக்கத்தையும் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளும். இவ்வடுக்கு மிகத் தடித்தது. (விரிவுக்கு: மேற்படி 'ஃபைனல்', அதனுள் 'ஃபைனல் ஒரிஜினல்', அதனுள் 'இதுதான் ஃபைனல்', 3ஆம் ஏடு. 4ஆம் ஏட்டில் மச்சினன் ஃபார்மட் அடித்துள்ளதால் பாடம் கிடைக்கவில்லை. 5ஆம் ஏடு இடைச்செருகல்.)

அடுக்கு 4: இங்கே அகழாய்வுலகமே அதிர்ந்தது. யாரும் தொடாத கன்னிமண்ணில், அதாவது பெட்டி பிரித்த புது மடிக்கணினியிலேயே, பொருள் கிடைத்தது. லெனோவோவின் சில மடிக்கணினிகளில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பரநிரல் கடைக்கு வருமுன்பே ஏற்றப்பட்டிருந்தது 2015 பிப்ரவரியில் அம்பலமானது. பூட்டுக்குறி போட்ட பாதுகாப்பான பக்கங்களுக்கு நடுவிலும் புகுந்து விளம்பரம் செருகக்கூடியது அது.

அடுக்கு 5, மேல்மட்டம்: சமகாலம். சினிமா பார்க்கப் போன தளம் 'அலவ்' என்பதை அழுத்து என்கிறது. அழுத்தியபின் திரையின் வலது மூலையில் நாள் முழுக்க நோட்டிஃபிகேஷன் முளைக்கும்.

இம்முறைப்படி கரந்தையில் தோண்டிய கணினி 2003ஆம் ஆண்டினது என உறுதியாகிறது. பாராட்டு விழா நெருங்குவதால் அதை இன்னும் சில நூற்றாண்டு முன்னே தள்ளலாமா என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். பரிசீலனையில் இருக்கிறது. அறிக்கையை ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்து, பிறகு ஆழம் சரியாகக் குறிக்கவில்லை என்று திருப்பியனுப்ப ஓர் அலுவலகம் மட்டும் இத்துறைக்கு இன்னும் வாய்க்கவில்லை.

6. சோழர் தொடர்பு

தஞ்சையைப் பற்றி எதை எழுதினாலும் இப்படி ஓர் இயல் வேண்டும். பெரியகோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் எத்தனையாம் வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பதெல்லாம் வெட்டப்பட்டுள்ளன. ஆகவே பயனர் தரவுத்தளத்தைக் கண்டவன் முதலாம் இராசராசனே என்பது தெளிவு. அவன் கொடுப்பதற்காகக் கணக்கெடுத்து, அதை ஊரறியச் சுவரில் வெட்டினான். உளவுநிரல்காரர்கள் விற்பதற்காக ஓசைப்படாமல் எடுக்கிறார்கள் என்ற சிறு வேறுபாடு ஆய்வின் ஓட்டத்துக்கு இடையூறாக இருந்ததால் அடிக்குறிப்புக்குத் தள்ளப்பட்டது. அடிக்குறிப்பு இட நெருக்கடியால் நீக்கப்பட்டது.

7. முடிவுகள்

நான்காம் அடுக்கு நீங்கலாக எல்லா அடுக்கிலும் ஒரே கைரேகை கிடைக்கிறது. 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ' என்று அழுத்திய வீட்டுக்காரருடையது. கதவை உடைத்து வந்தவர் குறைவு, வாங்க என்று கூப்பிட்டு உட்காரவைக்கப்பட்டவரே மிகுதி.

எனவே பரிந்துரைகள்: எதையும் அதைச் செய்தவரின் தளத்திலிருந்தே இறக்குக. நிறுவும்போது 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்து, பிறர் போட்டுவைத்த டிக்குகளை எடுக்க. தினப்புழக்கத்துக்கு அட்மின் அல்லாத கணக்கு வைத்துக்கொள்க. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை அணைக்காமல் இருந்தாலே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். இரண்டு ஆன்டிவைரஸைச் சேர்த்துக் குடிவைத்தால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். காதுகுத்துப் படங்களுக்கு வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் வைக்க. அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் துப்புரவுக் கருவிகளை இலவசமாகத் தருகிறது. பணம் பறிபோனால் உடனே 1930க்குப் பேசுக.

இப்பத்தியை முதற்பக்கத்தில் போட்டால் ஆய்வேடே தேவைப்படாது என்று சிலர் சொன்னார்கள். அதனால்தான் கடைசியில் போட்டோம்.

8. சரிபார்ப்பு

ஒப்பந்தத்தை யாரும் படிப்பதில்லை என்பதற்கு முன்சான்று உண்டு. உளவுநிரல் துரத்தும் 'பிசி பிட்ஸ்டாப்' நிறுவனம், இதைப் படித்துவிட்டு எழுதுபவருக்குப் பரிசு உண்டு என்று தன் உரிம ஒப்பந்தத்துக்குள் ஒரு வரியைச் சொருகியது. 3,000 பேருக்கு மேல் சம்மதம் சொல்லி இறக்கிக்கொண்டார்கள். நான்கு மாதம் கழித்து ஒரே ஒருவர் எழுதி 1,000 டாலர் பெற்றார்.

இச்சோதனையைத் தமிழ்ச் சூழலில் செய்துபார்க்க வேண்டி, ஆய்வேட்டின் நடுப்பக்கத்தில், 'இதைப் படிக்கும் தேர்வாளருக்கு ஒரு மூட்டை பொன்னி அரிசி' என்று எழுதினோம். தேர்வாளர் மூவரும் ஆழ்ந்த ஆய்வு எனப் பாராட்டிக் கையொப்பமிட்டுவிட்டார்கள். வாய்மொழித் தேர்வும் முடிந்தது. மூட்டை வீட்டிலேயே இருக்கிறது.