ரெண்டிஞ்சி அண்ணன்

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் போகிற ரோட்டில் எந்த ஊரிலும் இவரைக் காணலாம். என்றாலும் திருக்கோவிலில் விளைகிற ரகத்துக்குத் தனி மணம். வயது ஐம்பதை எட்டிப்பார்க்கும். உத்தியோகம் பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ பிரதேச செயலகத்திலோ. வட்டைக்குள் கொஞ்சம் வயல். அதைப் பார்க்க ஒரு முல்லைக்காரன். வாசலில் தகரக் கொட்டிலுக்குக் கீழே, 1990களில் யப்பானில் பிறந்த பஜிரோ ஒன்று. சேட் பையில் பேனை இருக்கவேண்டிய இடத்தில் அளவு நாடா. பெயரைச் சொல்லி விசாரித்தால் ஊருக்குள் ஒருவருக்கும் தெரியாது. “ரெண்டிஞ்சி அண்ணன்ட வீடு எது?” என்று கேளுங்கள், காத்தடிக்கிற கடைப் பொடியனே கூட்டிக்கொண்டுபோய் விடுவான்.

அண்ணனுக்கு வாழ்க்கையில் ஒரே குறைதான். வாகனம் பதிவாகக் கிடக்கிறது, அதை ரெண்டிஞ்சி தூக்கவேண்டும்.

இந்தக் குறை முற்றியதற்கு அரசாங்கமும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் இந்த நாட்டில் பழைய வாகனங்களுக்குக் கிடைத்த மரியாதை பழைய மனிதருக்குக் கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்தெல்லாம் ஆள் வந்து அண்ணனின் பஜிரோவுக்கு விலை கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. ஆனால் கேட்ட விலை மட்டும் மனதுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு பெறுமதியான ஒன்றைச் சும்மா விட்டுவைக்கலாமா? ஏதாவது பூட்ட வேண்டாமா?

அண்ணனோடு ஐந்து நிமிடம் கதைத்தால் பாரிஸ்–டக்கார் பந்தயம் வந்துவிடும். பஜிரோ அதை 12 தடவை வென்றிருக்கிறது. முதல் வெற்றி 1985இல். 2001 முதல் 2007 வரை ஒரு வருடமும் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தனையும் உண்மை. சொல்லும்போது அண்ணனின் குரலில் பங்காளியின் பெருமை தொனிக்கும். அவருடைய சொந்தப் பந்தயப் பாதையோ தம்பிலுவில் சந்தை, அக்கரைப்பற்று வங்கி, மாதம் ஒருதடவை கல்முனை. முழுக்கக் காப்பட் ரோட்டு. அதில் குறுக்கே வரக்கூடிய ஆகப்பெரிய தடை, படுத்துக்கிடக்கிற மாடு. அதை எந்த சஸ்பென்சனாலும் தாண்ட முடியாது.

“அதுசரி, காட்டுக்குள்ள போனாத்தான் இதுட அருமை தெரியும்” என்பார். சாகாமம், கஞ்சிகுடிச்சாறு, ஒகந்தை, குமண என்று ஊர்களை அடுக்குவார். ஆடி வேல் காலத்தில் கதிர்காமத்துக்கு நடந்து போகிற அடியார்கள் திருக்கோவிலில் தங்கி, ஒகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்குவார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது அண்ணனின் நெடுநாள் நேர்த்தி. ஒவ்வொரு வருடமும், “சஸ்பென்சன் வேலை முடியட்டும், மறுகா போவம்” என்று தள்ளிப்போகும். அடியார்கள் தாகத்தோடு நிற்கவில்லை. உழவு மெசின்கள் பவுசரை இழுத்துக்கொண்டு போகின்றன. அந்த மெசின்களின் சாரதிகளில் ஒருவரும் இதுவரை அளவு நாடா வைத்திருந்ததாகத் தகவல் இல்லை.

உயரத்தின் மேல் இந்த ஊருக்கு ஏன் இத்தனை ஆசை என்று நான் யோசித்ததுண்டு. 2004 டிசம்பர் 26 கடல் வந்துபோன பிறகு இந்தக் கரை முழுவதும் நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் வரிசையாக வந்தன. லேண்ட் குரூசர், பிராடோ, டிபெண்டர். மண்ணில் நின்றவர்கள் அண்ணாந்து கதைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கிப் பெயர் எழுதினார்கள். வீட்டுத்திட்டமும் தோணியும் வலையும் அந்த உயரத்திலிருந்துதான் இறங்கின. அப்போது அண்ணாந்து நின்ற இளைஞர்களில் ஒருவர்தான் இன்றைய அண்ணன். அவர் ரெண்டிஞ்சி கேட்பதில் எனக்கு வியப்பில்லை.

கேட்பதோடு நின்றாரா? படித்தார். ஏ.ஆர்.பி. என்பது அந்தோனி ரொனால்ட் பிரவுன் என்ற அவுஸ்திரேலியரின் பெயரெழுத்துகள். 1975இல் தொடங்கிய கம்பனி. அவர்களுடைய சஸ்பென்சனுக்கு ஓல்ட் மேன் ஈமு என்று பெயர். பில்ஸ்டைன் ஜேர்மனி, கயாபா யப்பான். தன் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பதில் தடுமாறினாலும் இவற்றில் தடுமாறமாட்டார். மெல்பேர்னிலிருந்து விடுமுறைக்கு வரவிருந்த மச்சானிடம், வரும்போது பெட்டிக்குள் இரண்டு கொயில் ஸ்பிரிங் வைத்துக்கொண்டு வரும்படி மெசேஜ் அனுப்பினார். மச்சான் கங்காரு படம் போட்ட சேட் ஒன்று கொண்டுவந்தார். இரு குடும்பங்களும் இப்போது கோயிலில் கண்டால் மட்டும் சிரித்துக்கொள்கின்றன.

அடுத்தது பஞ்சிகாவத்தை. பழைய வாகனத்துக்குச் சாமான் தேடுகிற இலங்கையர் ஆயுளில் ஒருமுறையாவது போகவேண்டிய கொழும்புத் தெரு. இரவு பஸ்ஸில் போய் அடுத்த இரவு பஸ்ஸில் திரும்பினார். போனது கொயில் வாங்க. கொண்டுவந்தது டக்கார் ஸ்டிக்கர். பின்கண்ணாடியில் ஒட்டினார். தூக்கும் படலத்தில் நிறைவேறிய முதல் வேலை அது.

கடைசியில் அக்கரைப்பற்றுப் பாஸிடம் போகவேண்டி வந்தது. பாஸுக்கு எழுபது வயதிருக்கும். லேண்ட் றோவர் காலத்திலிருந்து இந்தக் கரையின் வாகனங்களுக்குக் கீழே படுத்திருப்பவர். அண்ணன் அவரைக் காக்கா என்பார்; வயதில் மூத்த அவரோ வாடிக்கையாளர் எல்லோரையும் அண்ணன் என்பார். அண்ணன் நாடாவை எடுத்து நிலத்தில் வைத்து அளக்கத் தொடங்கினார்.

“தரையிலிருந்து அளக்காதீங்க அண்ணன். டயர்ல காத்துக் குறைஞ்சாலும் வாகனம் பதிஞ்ச மாதிரித்தான் காட்டும். சில்லுட நடுவில புடிச்சி மட்காட் விளிம்பு வரைக்கும் அளங்க.”

அளந்தார்கள். பின்பக்கம் கம்பனி உயரத்தைவிட ஒன்றரை அங்குலம் குறைவு. சாரதிப் பக்கம் மற்றப் பக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் குறைவு. பாஸ் அதற்கு விளக்கம் சொல்லவில்லை. அண்ணனின் வயிற்றை மட்டும் ஒருதடவை பார்த்தார்.

“நீங்க ரெண்டிஞ்சி கூட்டச் சொல்றீங்க. இது ஒண்டரை இஞ்சி குறைஞ்சி கிடக்கு. முப்பது வருசக் கொயில், தளர்ந்துபோச்சி. புஷ்ஷெல்லாம் செத்துப்போச்சி. கம்பனி உயரத்துக்கே புதுக் கொயிலும் புஷ்ஷும் போட்டா, தூக்கின மாதிரித்தான் இரிக்கும்.”

அண்ணனின் முகம் வாடியது. “அப்ப இவ்வளவு நாளும் நான் படிச்சது?”

பாஸ் இரக்கப்பட்டு முன்பக்கத்தைக் காட்டினார். இந்த ரகப் பஜிரோவின் முன்பக்கம் கொயிலே கிடையாது. டோர்சன் பார் என்கிற நீண்ட இரும்புக் கம்பி. சில்லு மேலே எழும்பும்போது அது முறுகிக் கொடுக்கும். அதன் நுனியிலுள்ள நட்டைக் கிறுக்கினால் முன்பக்கம் எழும்பும். சாமான் செலவு ஒரு சதமும் இல்லை. அண்ணனின் கண் விரிந்தது. ஆனால் பாஸ் மிச்சத்தையும் சொல்லாமல் விடுகிறவர் அல்ல. சில்லு மேலும் கீழும் போய்வரும் தூரம் முன்னிருந்த அதே அளவுதான். உயர்த்தினால் கீழே இறங்குகிற பங்கு குறைந்துவிடும். குழியில் சில்லு இறங்க இடமில்லாமல் “டக்” என்று அடிக்கும். முன்சில்லைச் சுழற்றுகிற தண்டுகள் சரிந்து நிற்பதால் மூட்டுகள் சீக்கிரம் தேயும், றப்பர் உறைகள் கிழியும். சொக் அப்சோபர் தூக்கும் என்று நினைப்பதும் பிழை. அதன் வேலை துள்ளலை அடக்குவது. பின்பக்கம் உயர்ந்தால் பிரேக் ஹோஸ் எட்டுமா என்று பார்க்கவேண்டும். பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் இடைவெளியை வைத்துப் பாரத்தைக் கணிக்கிற வால்வ் ஒன்று இருக்கிறது. தூக்கிவிட்டால் அது வாகனம் எப்போதும் வெறுமை என்று முடிவுகட்டிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதையும் சேர்த்து உயர்த்தவேண்டும். ஹெட்லைட்டைத் தாழ்த்தவேண்டும், இல்லாவிட்டால் எதிரே வருகிறவர்களின் சாபம் குடும்பத்தைச் சேரும்.

“சரி காக்கா, எல்லாத்தையும் செஞ்சிட்டா காட்டுக்குள்ள கல்லில முட்டாதுதானே?”

பாஸ் குனிந்து பின் அச்சின் நடுவில் தொங்குகிற உருண்டையைத் தட்டினார். “முட்டுறது இந்த டிப். இது அச்சோட ஒட்டினது. கொயில் உசந்தா பொடிதான் உசரும், இது உசராது. சாறனை உசத்திக் கட்டினா முழங்கால் உசருமா அண்ணன்?”

டிப் உயரவேண்டுமென்றால் டயர்தான் பெருக்கவேண்டும். இரண்டு அங்குலம் விட்டம் கூடின டயர் போட்டால் டிப் ஒரு அங்குலம் உயரும். இதைக் கேட்ட எந்த மனிதனும் வீட்டுக்குப் போய்விடுவான். அண்ணன் டயரின் விலை கேட்டார்.

பிறகு வந்தது முக்கியமான கேள்வி. தூக்குகிற கொயில்களை உயரத்தை மட்டும் பார்த்து எடுக்கக்கூடாது, பாரத்தைப் பார்க்கவேண்டும். வெறுமைக்கு ஒன்று, நிரந்தரமாக இருநூறு கிலோ ஏற்றுகிறவருக்கு ஒன்று, நானூறு கிலோ ஏற்றுகிறவருக்கு இன்னொன்று. “வாகனத்தில வழமையா என்ன பாரம் ஏத்துவீங்க?” என்று பாஸ் கேட்டார். அண்ணன் யோசித்தார். நெல்மூட்டை ஏற்றமாட்டார், சீற் ஊத்தையாகிவிடும். அது முல்லைக்காரனின் லேண்ட்மாஸ்டருக்கு உரிய வேலை.

“வின்ச் ஒண்டு பூட்டுற.”

“எங்க?”

“முன்னுக்கு.”

“வின்ச் எங்க இரிக்கி எண்டு கேட்டன்.”

“வாங்கோணும்.”

இனிமேல் வாங்கவிருக்கிற வின்ச்சுக்கும், அதைத் தாங்கவிருக்கிற இரும்பு பம்பருக்கும், பின்னால் வரவிருக்கிற தண்ணீர்த் தாங்கிக்கும் சேர்த்து ஆகக் கடினமான கொயிலை அண்ணன் எடுத்தார். வின்ச் முன்னுக்கு வருவது, கொயில் பின்னுக்கு இருப்பது என்று பாஸ் நினைவூட்டிப் பார்த்தார், பயனில்லை. முன்பக்கத்து நட்டும் கிறுக்கப்பட்டது. வாகனம் எழுந்து நின்றது. உண்மையைச் சொன்னால், நின்றபோது அழகாகத்தான் இருந்தது. ஓடியபோதுதான் சங்கதி. நானூறு கிலோவை எதிர்பார்த்த கொயில், அண்ணனையும் ஒரு கிலோ தக்காளியையும் கண்டு கோபித்துக்கொண்டது. தம்பிலுவில் சந்தையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் தக்காளி ரசமாகிவிட்டது. இடுப்பு வலிக்கிறது என்றார் அண்ணி. “அதுக்குப் பேர்தான் ஹெவி டியூட்டி” என்றார் அண்ணன்.

சோதனைக் களம் ஆடி அமாவாசையில் அமைந்தது. அன்று சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் தீர்த்தம் கடலில். எல்லோரும் வாகனத்தை ரோட்டோரம் விட்டுவிட்டு நடக்க, அண்ணன் நான்கு சில்லுக்கும் இழுவையைப் போட்டு, கரைவலை இழுக்கிற பக்கமாக மணலுக்குள் இறக்கினார். கொஞ்ச தூரம் கம்பீரமாகப் போனது. பிறகு சில்லு மட்டும் சுற்றியது. புதிதாகக் கிடைத்த ரெண்டிஞ்சியையும் மணல் வாங்கிக்கொண்டு டிப்பைத் தன்மேல் இருத்திவைத்தது. சனம் தீர்த்தத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

கரைவலைப் பொடியன் ஒருவன் வந்து குந்தி டயரைத் தட்டிப் பார்த்தான். “அண்ணன், காத்தக் குறைங்க.”

“முப்பத்தஞ்சு இருக்கோணும் தம்பி. கதவில எழுதியிரிக்கி.”

“அது ரோட்டுக்கு.” அண்ணனின் சம்மதத்துக்குக் காத்திராமல் ஓர் ஈர்க்குக் குச்சியால் வால்வை அழுத்தினான். ஒவ்வொரு டயரிலும் பாதிக் காற்றுப் போனது. டயர் சப்பளிந்து மணலில் அகலமாகப் படிந்தது. டிப்புக்குக் கீழே கையால் மணலைத் தோண்டினான். “இப்ப மெல்லமா எடுங்க, பிரேக் அடிக்காதீங்க.” வாகனம் ஊர்ந்து வெளியே வந்தது. செலவு: காற்று. அதையும் திரும்ப அடித்துக்கொள்ள ரோட்டோரம் கடை இருக்கிறது.

அண்ணன் இந்தச் சம்பவத்தைச் சொல்லும் விதம் வேறு. “சஸ்பென்சன் மட்டும் செஞ்சிரிக்காட்டி அண்டைக்கு அங்கேயே கிடந்திருப்பம்.” கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். அந்தப் பொடியனும் அருகிலிருந்தால் அவனும் தலையாட்டுவான். பெரியவர்களை மறுத்துப் பேசுகிற வழக்கம் அவனுக்கு இல்லை.

எஞ்சியது ஒரு சிக்கல்தான். அண்ணனின் அம்மாவுக்கு எண்பது வயது. உயர்த்திய வாகனத்தில் அவரால் கால் எடுத்துவைக்க ஏலாது. ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரிந்தார்கள். கோயில், ஆஸ்பத்திரி, கலியாண வீடு எங்கு போனாலும் முதலில் கதிரை இறங்கும், பிறகு அம்மா இறங்குவார். அண்ணனின் மானத்துக்கு இது அடுக்கவில்லை. பாஸிடம் போய் இரு பக்கமும் இரும்புப் படி அடிப்பித்தார். அம்மாவின் காலுக்கு எட்டவேண்டுமே என்று படியை நன்றாகத் தாழ்த்தித்தான் அடிக்கவேண்டியிருந்தது. அண்ணன் குனிந்து நாடாவைப் பிடித்தார். படியின் அடி, தூக்குவதற்கு முன்னிருந்த வாகனத்தின் அடியைவிட ஒரு அங்குலம் கீழே நின்றது.

சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டுக் கேட்டார்: “அப்ப காக்கா, நாலிஞ்சி தூக்கிறதெண்டா என்னென்ன சாமான் வேணும்?”

பாஸ் கையைத் துடைத்துக்கொண்டார். “உங்களுக்கு என்னென்ன வேணுமெண்டு மறுகா பாப்பம் அண்ணன். உம்மாவுக்குக் கதிரை கொஞ்சம் உசரமாப் பாத்து வாங்குங்க.”