ஓம் இருந்தது, சக்தி இல்லை

எங்கள் மாமா ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்தில் ஒரு கிராம் கூடினாலும் ஆலையே அதிரக் கத்துவார். அப்பேர்ப்பட்டவர், அம்மன் கோயில் பொங்கலுக்கு எல்இடியில் 'ஓம் சக்தி' போர்டு செய்யக் கிளம்பியபோது, "பன்னெண்டு வோல்ட் பேட்டரிக்கு எதுக்கு மாப்ளே ரெசிஸ்டரு?" என்றார். சொன்ன கையோடு ஒரு சிவப்பு எல்இடியை நேரே பேட்டரியில் வைத்தார். டப்பென்று தலை தெறித்தது. மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சத்தம் பத்தலையே" என்றார்.

சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் போதும். அந்த 2 வோல்ட்டுக்கு மேல் கொஞ்சம் கூட்டினாலும் கரண்ட் கன்னாபின்னாவென்று ஏறும். சூடேறச் சூடேற இன்னும் இழுக்கும். போதும் என்று சொல்லத் தெரியாத ஜென்மம். "ரூமுக்கு நாலு பேருக்கு மேல போகக் கூடாதுன்னு வாசல்ல நின்னு கத்துவீங்கள்ல மாமா, அந்த வேலையத்தான் ரெசிஸ்டர் பாக்குது" என்றேன். மாமாவுக்குச் சட்டென்று ரெசிஸ்டர் மேல் மரியாதை வந்துவிட்டது.

கணக்கு பெரிய கணக்கில்லை. 12-இல் 2 போக 10. அதை 0.02-ஆல் வகுத்தால் 500 ஓம். ஆனால் கடையில் 500 கிடையாது. 470 உண்டு, விட்டால் 560. "அரைக் கிலோ கேட்டா நானூத்தி எழுவது கிராமா குடுப்பீரு?" என்று மாமா கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றார். நான் 560 கேட்டேன். முழுசாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12-ஓடு நிற்காது. வெளிச்சம் இம்மி குறைவது கண்ணுக்கும் தெரியாது. ரெசிஸ்டரிலேயே கிட்டத்தட்ட 0.2 வாட் சூடாகப் போகிறது. கால் வாட் தாங்கும்தான், ஆனால் தொட்டால் சுடும். அரை வாட் வாங்கினோம். பச்சை, நீலம், பழுப்பு என்று கோடு இருந்தால் 560. கடைசிக் கோடு கருப்பானால் வெறும் 56. மங்கல் விளக்கடியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே பகலிலேயே பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

'ஓம்' சிவப்பு, 'சக்தி' நீலம் என்பது மாமாவின் திட்டம். சில்லறைக் காசு ரெசிஸ்டரில் மிச்சம் பிடிக்க, ஒரு சிவப்பையும் ஒரு நீலத்தையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் மாட்டிவிட்டார். ஸ்விட்சைப் போட்டதும் 'ஓம்' ஜொலித்தது. 'சக்தி' இல்லை. பூசாரி முகம் கறுத்துப்போனார். நீலத்துக்கு 3 வோல்ட்டாவது வேண்டும். பக்கத்திலிருக்கும் சிவப்போ 2-லேயே கரண்டை வழித்து விழுங்கிவிடும். நீலத்தைத் தனியே பிரித்து, மும்மூன்றாகக் கோத்து, மிச்சமுள்ள 3 வோல்ட்டுக்கு 150 ஓம் போட்ட பிறகுதான் சக்தி வந்தாள்.

"எங்க தொழில்லயும் நீலந்தான் மாப்ளே சண்டித்தனம் பண்ணும்" என்றார் மாமா. வாஸ்தவம். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் உண்டு. பச்சைக்குப் பேரியம் இருந்தது, உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை போட்டது. நீலத்துக்குத் தாமிரம், சூடு கொஞ்சம் மிஞ்சினாலும் நிறம் வெளுத்துவிடும். எல்இடியிலும் அதே கதை. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு 1962-இலேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலத்துக்கு 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்றேன்.

"நோபலா!" என்றார் மாமா. "எங்க நீல மத்தாப்புக்கு ஒரு பய ஒரு துண்டு போத்தியிருப்பானா?"