புளியங்கொட்டைக்கு வந்த மரியாதை

சட்டைப் பையில் புளியங்கொட்டையோடு வகுப்பில் பிடிபட்டால், எழுபதுகளில், கையை நீட்டச் சொல்வார்கள். பிரம்பின் நுனி விரல் கணுவில் பட்ட இடம் சாயங்காலம் வரைக்கும் விண்விண்ணென்று தெறிக்கும். பறிபோன கொட்டைகளோ ஆசிரியர் மேசையின் இழுப்பறைக்குள் போய், முழு ஆண்டு லீவு வரைக்கும் வெளிச்சம் பார்க்காது. இன்று, நான் வளர்ந்த அதே சென்னைக் கோட்டூர்புரத்தில், ஒரு மாநகராட்சித் தொடக்கப்பள்ளியின் இரண்டாம் வகுப்பில், திங்கட்கிழமை காலை, புளியங்கொட்டை கொண்டுவராத பிள்ளையைப் பார்த்துத்தான் டீச்சர், "ஏம்மா, மறந்துட்டியா? பரவாயில்ல, பக்கத்துல இருக்கிறவகிட்ட கடன் வாங்கிக்கோ" என்கிறார். அரை நூற்றாண்டில் புளியங்கொட்டைக்கு இப்படியொரு மரியாதை கூடி வருமென்று, அன்றைக்கு அடி வாங்கிய எங்களில் யாருமே நினைத்துப் பார்த்திருக்க மாட்டோம்.

பேட்டையில் இருக்கும் பெரியவர்கள் யாராவது வந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டும் என்று அந்தப் பள்ளியில் கேட்டார்கள். ஆற்றங்கரைக் குடியிருப்பில் வளர்ந்தவன், 1976இல் ஒரு முறையும் 2015இல் ஒரு முறையும் அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தவன் என்ற தகுதியில் நான் போனேன். கதை நேரம் என்னவோ ஒரு மணிதான். ஆனால் காலையில் உள்ளே போனால் சாயங்கால மணி அடிக்கிற வரை எழுந்து வர மனம் வரவில்லை. வாரம் முழுக்க அப்படியே போயிற்று.

அந்தத் திங்கட்கிழமைக் கணக்கைச் சொல்ல வேண்டும். தரையில் விரித்த பாயில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். டீச்சர் முப்பத்து நாலு என்றதும் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், கொட்டைகளைப் பத்துப் பத்தாக ஒதுக்கி மூன்று குவியல் ஆக்கினாள், நான்கைத் தனியே வைத்தாள், வைத்தபின் சந்தேகம் வந்து நடுக் குவியலை மட்டும் மறுபடி எண்ணினாள், ஒன்று குறைந்தது, பாயின் மடிப்புக்குள் விரலை விட்டு ஓடிப்போன ஒன்றைத் தேடி எடுத்துச் சேர்த்தாள். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து, "மிஸ், முடிச்சிட்டேன்" என்றாள். பத்து என்றால் என்ன, ஒன்று என்றால் என்ன என்பது அவள் விரல்களுக்கே தெரிந்துவிட்டது. அந்த வயதில் நாங்கள் முப்பத்து நாலைச் சொல்லத் தெரிந்தவர்கள், எழுதத் தெரிந்தவர்கள். அந்த மூன்று ஏன் முப்பது ஆகிறது என்று எங்களை யாரும் கேட்டதில்லை, எங்களுக்கும் அதைக் கேட்கத் தோன்றியதில்லை.

ஆனாலும் எங்களுக்கு வாய்ப்பாடு இருந்தது. மத்தியானச் சோறு உண்ட மயக்கத்தில், சட்டாம்பிள்ளை ஒருவன் முன்னால் நின்று ஓரடி சொல்ல, வகுப்பே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு அதைத் திருப்பிச் சொல்ல, ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் பாதிப் பேருக்கு விடை தெரியாமல் போய், தெரிந்த நாலைந்து பேரின் குரலைப் பிடித்துக்கொண்டே மீதிப் பேரும் கரை சேர, அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக வெளியேறி ஆற்றங்கரை வரைக்கும் போகும். துணி துவைக்கிற அம்மாக்கள் அதைக் கேட்டே மணி இரண்டு ஆயிற்று என்பார்கள். தெரியாதவனையும் தனியே விட்டுவிடாத அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருப்பதில் ஒரு சுகம் இருந்தது. அதை அனுபவித்தவர்கள் இதைப் படிக்கும்போதே லேசாக ஆடத் தொடங்கியிருப்பீர்கள். இந்த வகுப்பறையில் அது இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் குவியலோடு தனியே நிற்கிறது, தன் விடைக்குத் தானே பொறுப்பு ஏற்கிறது. அதுதான் சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மத்தியானம் இரண்டு மணிக்கு என் காது அந்த ராகத்தைத் தேடியது.

சிலேட்டும் போய்விட்டது. சாக்கு ஓரத்தில் ஒளித்துவைத்துத் தின்ற பல்பம், வேலியில் படர்ந்த கோவைக்கொடியின் இலையைக் கசக்கித் துடைத்தால் கரேலென்று மின்னும் சிலேட்டு, இலை கிடைக்காத நாளில் எச்சில் தொட்டு அழித்துவிட்டு, சரஸ்வதி கண்ணைக் குத்திவிடுமோ என்று மத்தியானம் வரை பயந்து திரிந்தது, எல்லாமே போயிற்று. அதற்குப் பதிலாக ஒன்று வந்திருக்கிறது, அதைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையாகவே இருந்தது. வகுப்பறைச் சுவர்களின் கீழ்ப்பாதியில், பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில், கறுப்புப் பட்டை ஒன்று சுற்றி வருகிறது. அதில் ஆளுக்கொரு கட்டம். எங்கள் காலத்தில் கரும்பலகை ஆசிரியருடைய சொத்து. அதைத் துடைக்கக் கிடைத்த வாய்ப்பையே வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்வோம். இங்கே ஆறு வயதுப் பையன் ஒருவன் தன் கட்டத்தில் யானை வரைந்து, அதற்கு ஐந்து கால் போட்டு, அடியில் தன் பெயரை எழுதியிருந்தான்.

இந்தப் பட்டைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 2003இல், சென்னை மாநகராட்சி ஆணையராக எம்.பி. விஜயகுமார் இருந்தபோது, ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்துவிட்டு வந்து, முதலில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். பாடம் அட்டைகளாகப் பிரிந்தது, சுவரில் இந்தப் பட்டை வந்தது, ஏணிப்படி ஒட்டப்பட்டது, பிள்ளை தன் வேகத்தில் படி ஏறியது, ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாய்க்கு இறங்கினார். 2007-08 வாக்கில் அது தமிழ்நாடு முழுவதும் பரவிற்று. அப்போதே நம் மாநகராட்சிப் பள்ளிகளில் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து தாமே படித்தார்கள் என்பதைக் கோட்டூர்புரத்துக்காரர்கள் இன்னும் கொஞ்சம் உரக்கவே சொல்லிக்கொள்ளலாம். அப்புறம் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. எழுத்தைப் பார்க்காமலேயே மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்காக 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பாட்டுக்கு ஒரு களம், கதைக்கு ஒரு களம், வாசிக்க ஒரு களம். கையில் பொம்மை மாட்டிக்கொண்டு டீச்சர் குரல் மாற்றிப் பேசும்போது, கோட்டும் கம்பும் தவிர வேறெதையும் கையில் வைத்துப் பார்த்தறியாத என் பழைய தலைமையாசிரியரை நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டைச் சொல்லாமல் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுவது பாவம். எங்களுக்குக் காலையில் ஒன்றும் கிடையாது. பாதிப் பேர் பழைய சோற்றுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர்கள், மீதிப் பேர் அதுவும் இல்லாமல் வந்தவர்கள். பிரேயரில் யாராவது மயங்கி விழுந்தால், சூரியன் மேல்தான் பழி போடுவார்கள். மத்தியானம் கேர் நிறுவனம் தந்த அமெரிக்கக் கோதுமையில் மஞ்சளாக ஓர் உப்புமா வரும். அந்த எண்ணெய் வாசனை இப்போதும் எங்கேயாவது காற்றில் வந்தால் என் கை தானாக அலுமினியத் தட்டைத் தேடுகிறது. நான் தொடக்கப்பள்ளியை விட்டு வந்தபின், 1982 ஜூலையில், எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. அப்புறம் முட்டை வந்தது. சென்னைக்கோ அதற்கும் வெகு முன்னாலேயே இதில் பழக்கம் உண்டு: 1920இல் சர் பிட்டி தியாகராயர் காலத்திலேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டவர்கள் நாம்.

இப்போது காலையிலேயே சாப்பாடு. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்து, 2025 ஆகஸ்டில் பக்கத்து மயிலாப்பூரிலிருந்து நகரத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்த திட்டம். பெரிய பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் எழும் ஆவிக்கு வரிசையே ஒரு அடி முன்னால் நகர்கிறது. "தாத்தா, இன்னிக்குப் பொங்கலு, மிளகைப் பொறுக்கி ஓரமா வெச்சிடுங்க" என்று ஒரு பையன் எனக்குப் புத்தி சொன்னான். இன்னொருத்தி சாம்பாரிலிருந்த கேரட்டை மட்டும் தின்றுவிட்டு, பொங்கலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டை முழங்காலில் வைத்தபடி சிநேகிதியோடு கதை பேசினாள். வேண்டாததை ஓரம் கட்டுகிற சுதந்திரம்! அந்தப் பெண் அவசரமே இல்லாமல் சாப்பிட்டதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் தட்டில் ஓரம் என்று ஒன்று மிஞ்சியதே இல்லை.

செவ்வாய், வியாழன் எல்லாம் ஓடிவிட்டன. வியாழனன்று அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனோம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் நூலகம் என்பது பூட்டிய மர பீரோ ஒன்று. சாவி தலைமையாசிரியர் இடுப்பில், கண்ணாடி வழியாகத் தெரிந்த முதுகு அட்டைகளை வெளியே நின்றே படித்துக்கொள்வோம். 2010இல் திறந்த இந்தக் கட்டடத்தில் 12 லட்சம் புத்தகங்களுக்கு இடம் இருக்கிறது. அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக 2011இல் அறிவிப்பு வந்து, உயர்நீதிமன்றத்தின் தடையால் அது நின்றபோது, புத்தகமே வாங்காத எங்கள் தெருக்காரர்கள்கூட நிம்மதியாக மூச்சு விட்டார்கள். குழந்தைகள் பகுதியில் இருக்கும் செயற்கை மரத்தடியில் இரண்டாம் வகுப்பு மொத்தமும் குப்புறப் படுத்துப் படித்தது. யாரும் "நிமிர்ந்து உட்காரு" என்று அதட்டவில்லை.

புதன்கிழமை என் கதைக்கு வருகிறேன். எல்லோருக்கும் தெரிந்த பாட்டி வடை சுட்ட கதையைத்தான் எடுத்தேன். காக்கா வடையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் உட்காருவதற்குள் ஒரு கை உயர்ந்தது: "தாத்தா, அப்ப பாட்டிக்குக் காசு யாரு குடுப்பாங்க?" இன்னொருத்தன், "காக்காவுக்குப் பசிச்சா கேட்டிருக்கலாம்ல?" மூன்றாவது, "எங்க ஆயாவும் பஜ்ஜி போடுது, காக்காவுக்குத் தனியா வெச்சிடும், அதனால திருடாது." நரி வரவே இல்லை. அன்றைய ஒரு மணி நேரமும் பாட்டியின் நஷ்டக் கணக்கிலேயே போயிற்று, டீச்சர் அதையும் பலகையில் கழித்தல் கணக்காகப் போட்டுவிட்டார்.

அப்போதுதான் எங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் இருந்த ஒருவன் என் நினைவில் வந்தான். அடையாற்றில் எந்த மாதம் எந்த மீன் ஏறும், சேற்றில் எந்த இடத்தில் கால் வைக்கலாம், மேகம் எந்தப் பக்கம் கறுத்தால் தண்ணீர் வரும் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன். வகுப்புக்குள் மட்டும் வாய் திறக்க மாட்டான். திறக்கச் சொல்லி அங்கே யாரும் கேட்டதும் இல்லை. பேசினால் அடி, நகர்ந்தால் அடி, பையில் கொட்டையோ கோலியோ இருந்தால் அடி. ஐந்தாவதோடு நின்றுவிட்டான். அன்றைக்கு எதற்கெல்லாம் அடித்தார்களோ அதெல்லாம் இன்று பாடத்திட்டம். கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு பிரம்புக்கும் வேலை போயிற்று. இந்தப் பாயில் அவன் உட்கார்ந்திருந்தால் அவனைத்தான் முதலில் பேசச் சொல்லியிருப்பார்கள். வாய்ப்பாட்டு ராகம், கோவை இலை, பூட்டிய பீரோவின் மர்மம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து அவனை மறு தட்டில் வைத்தால், எனக்கு யோசிக்கவே தேவையில்லை.

ஒரே ஒரு குறை எனக்கு உண்டு, அதை டீச்சரிடமும் சொன்னேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் செல்போனை எடுத்து, எந்தப் பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று ஒவ்வொன்றாகச் செயலியில் பதிந்துகொண்டிருந்தார். நெட் சுற்றிச் சுற்றி வந்தது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். எங்களை யாரும் இவ்வளவு அக்கறையாக அளந்ததில்லை. அதனால் பலர் தொலைந்தோம், அது நிஜம். ஆனால் அளக்காமல் விட்ட அந்த நேரத்தில்தான் ஐந்தாங்கல்லும் தாயமும் நாங்களே கற்றோம், விதியை நாங்களே போட்டோம், சண்டையையும் நாங்களே தீர்த்தோம். விளையாட்டெல்லாம் செயல்பாடு ஆகி, செயல்பாட்டுக்கெல்லாம் குறியீடு விழுந்தால், பிள்ளை தனக்கென்று எதை வைத்துக்கொள்ளும்? டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "கடைசி பீரியட் நான் ஒண்ணும் பதியறதில்ல சார். அவங்க பாட்டுக்கு விளையாடுவாங்க, நான் நோட்டு திருத்துவேன். நீங்க வேணா வந்து ஏதாவது சொல்லிக்குடுங்க, பாடமா மட்டும் வேணாம்."

பம்பரம் என்றேன். ஒரு பிள்ளைக்கும் அதைச் சுற்றத் தெரியவில்லை. சாட்டையைச் சுண்டுவதையும், தரையில் ஆடுகிற பம்பரத்தை அபீட் எடுப்பதையும் வெறுங்கையால் செய்து காட்டினேன். ஆக்கர் என்றால் என்ன என்று விளக்குவதற்குள் மணி அடித்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கடைகளில் தேடினால் விளக்கு எரிகிற பிளாஸ்டிக் பம்பரம்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆணி வைத்த மரப் பம்பரம், கூடவே முறுக்கான சாட்டைக் கயிறு, மயிலாப்பூர் மாட வீதியிலோ சைதாப்பேட்டை பஜாரிலோ எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள். வகுப்பு முழுக்க வேண்டும்.