பழைய பெட்டி நோகாமல் புதிய முகவரி

பெறுநர்: செயலர் அவர்கள், தொலைத்தொடர்புத் துறை, சஞ்சார் பவன், புது தில்லி.

பொருள்: இணைய முகவரிப் பஞ்சம் – பழைய பெட்டிகளின் (ரௌட்டர் முதலியவற்றின்) மனம் கோணாமல் புதிய முகவரி வழங்குதல் – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் துறையின் ஜூலை 2010, மார்ச் 2013, நவம்பர் 2021 ஆவணங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

மதுரை செல்லூரிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்குக் கண்ணாடி இழை வந்திருக்கிறது. மாதம் பிறந்தால் பணம் கட்டிவிடுகிறேன். இணையத்தில் எனக்கென்று ஒரு முகவரி மட்டும் கிடையாது. இதைப் புகார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பொருளிலேயே பாராட்டு என்று போட்டிருக்கிறேன். புகார் என்று போட்டால் வேறு மேசைக்குப் போய்விடுமாம்.

முதல் பாராட்டு தங்கள் பொறுமைக்கு. மத்திய, மாநில அமைச்சகங்கள் 2012 மார்ச்சுக்குள் ஐபிவி6 என்ற புதிய, நீளமான இணைய முகவரி முறையின் சேவைகளைப் பயன்படுத்தத் தொடங்க வேண்டும் என்றது 2010 வழித்திட்டம். அரசு அலுவலகங்கள் முழுதாக மாற 2017 டிசம்பர் வரை நேரம் கொடுத்தது 2013 பதிப்பு. 2021 கடிதம் 2022 ஜூன் 30 என்றது. வீட்டுக் கம்பி இணைப்புக்கும் இதே கருணைதான். 2014 ஜூன் 30க்குப் பிறகு கொடுக்கும் புது இணைப்பெல்லாம் ஐபிவி6 தாங்க வேண்டும் என்று முதலில் சொன்னீர்கள். பின்னால் அது 2022 டிசம்பர் 31 ஆயிற்று. அழகர் ஆற்றில் இறங்குவது ஒரு நாள் தள்ளிப்போனால் மதுரை தாங்காது. தாங்கள் எட்டரை வருஷம் தள்ளினீர்கள், ஒரு பெட்டிக்கடைகூட அடைக்கவில்லை.

பஞ்சம் தாங்கள் உண்டாக்கியதல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு சோதனைக்காக முகவரிக்கு 32 பிட் போதும் என்று வைத்தார்கள். கணக்குப் போட்டால் 429 கோடி முகவரி. சோதனைக்கு வைத்த அளவு அப்படியே நிலைத்துவிட்டது என்பதை அந்த முடிவை எடுத்த விண்ட் செர்ஃபே பிறகு சொல்லியிருக்கிறார். முன்னால் போனவர்கள் அள்ளிக்கொண்டார்கள். எம்ஐடி என்ற ஒரே அமெரிக்கப் பல்கலைக்கழகத்திடம் 1.67 கோடி இருந்தது. தங்கள் 2013 ஆவணப்படி இந்தியா முழுமைக்கும் சுமார் 3.5 கோடி, அதில் சமாளிக்க வேண்டியவர்கள் 36 கோடிப் பேர். 2011 பிப்ரவரியில் உலகக் கிட்டங்கி காலி. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் கிட்டங்கியும் ரேஷனுக்குப் போயிற்று, மற்ற கண்டங்களுக்கு முன்னதாகவே.

அப்போது கைகொடுத்தது எங்கள் ஊர் வளவு. ஒரே வாசல், ஒரே கதவு எண், உள்ளே பத்துப் பன்னிரண்டு குடித்தனம். தபால்காரருக்கு வாசல் மட்டும்தான் தெரியும். எந்தக் கடிதம் எந்த வீட்டுக்கு என்பது முன்னறையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும். எங்கள் இணைப்புக் கம்பெனி (பெயர் வேண்டாம், அது ஒன்று மட்டும் செய்கிற வேலையும் அல்ல) அந்த அம்மாவின் இடத்தில் ஒரு பெரிய இயந்திரத்தை உட்கார வைத்திருக்கிறது. என் ரௌட்டருக்கு வருவது 100.64 வரிசை எண். இந்த மாதிரி உள்வளவுக்கென்றே 2012இல் ஒதுக்கியது, வெளியே செல்லாது. வெளியே தெரிகிற பொது முகவரிக்குப் பின்னால் நானும் பக்கத்துத் தெருவும் நரிமேட்டில் யாரோ ஒருவரும் குடியிருக்கிறோம். நான் கேட்டதற்குப் பதில் வந்தால் அம்மா கொடுத்துவிடுவார். நான் கேட்காமல் யாராவது தேடி வந்தால், அப்படி யாரும் இங்கே இல்லை.

இதன் பலனை எங்கள் குடும்பம் நேரில் அனுபவித்தது. மைத்துனருக்குச் சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு. மோட்டார் வயரை அறுத்துச் செம்பு எடுக்கிற ஆட்களுக்காகக் கேமரா மாட்டினோம். செல்லூரிலிருந்து நேராகப் பார்க்க வழி கேட்டபோது, மாட்ட வந்த பையன், "பப்ளிக் ஐபி இல்லண்ணே. வேணும்னா மாசாமாசம் தனியாக் கட்டணும். இல்லேன்னா ஆப்லயே பாத்துக்கங்க" என்றான். ஆப்பில் பார்க்கிறோம். தோப்பில் மட்டை விழும் காட்சி, கேமரா கம்பெனியின் செர்வர் எந்தச் சீமையில் இருக்கிறதோ அங்கே போய்விட்டு, இருபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் என் கைபேசிக்கு வருகிறது. பாஸ்போர்ட் கேட்பதில்லை.

ஒரே முகவரிக்குப் பின்னால் ஊரே இருந்தால் குற்றவாளியைப் பிடிப்பது எப்படி என்று ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017இல் கவலைப்பட்டு, இந்த முறையை ஒழிக்கக் கேட்டது. என் கவலை சின்னது. வளவில் எவனோ ஒருவன் குப்பை மெயில் தட்டினால் கறுப்புப் பட்டியலில் ஏறுவது எங்கள் எல்லோருடைய முகவரியும்தான். நான் மனிதன் என்று நிரூபிக்க டிராஃபிக் விளக்கு உள்ள கட்டங்களைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

பழையதைத் தொடாமல் எண்ணை நீட்டுவதில் தங்கள் துறைக்குக் கைராசி உண்டு. மதுரையின் ஆறிலக்கத் தொலைபேசி எண்களுக்கு முன்னால் ஒரு 2 சேர்த்தீர்கள். 2021 ஜனவரி 15 முதல், தரைவழித் தொலைபேசியிலிருந்து கைபேசிக்குப் பேச முன்னால் 0 போடச் சொன்னீர்கள். அந்த ஒரு சுழியத்தால் சுமார் 254 கோடி புது எண்களுக்கு இடம் பிறந்தது. யார் வீட்டுத் தொலைபேசியையும் மாற்றவில்லை. அதேபோல் ஐபி முகவரிக்கும் முன்னால் சில இலக்கம் ஒட்டிவிடலாம், பழைய பெட்டி பாட்டுக்கு ஓடட்டும் என்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நெட்வொர்க் வேலையில் இருக்கும் அக்கா மகனிடம் இதைக் கேட்டேன்.

"டெலிபோன்ல கணக்குப் பாக்குறது எக்ஸ்சேஞ்ச், மாமா. அதை மாத்துனாப் போதும். இங்க வழியில இருக்குற ஒவ்வொரு பெட்டியும் அட்ரஸைப் படிக்கும். அதுக்கு விட்டிருக்குற எடம் 32 பிட்டுதான்."

நீளமான முகவரியிலிருந்து வருவதைப் பழைய பெட்டி வாங்கிக்கொண்டால் போதாதா என்றேன்.

"வாங்கிக்கும். பதிலை எந்த அட்ரஸுக்கு அனுப்பும்? எழுத எடமில்லையே!" சுழியமும் ஆகாதாம். முன்னால் 0 இருந்தால் சில மென்பொருள்கள் எட்டின் அடிமானத்தில் படித்து, 010 என்பதை 8 ஆக்கிவிடுமாம்.

நீட்டக்கூட வேண்டாம், இருக்கிற 32 பிட்டுக்குள்ளேயே 240இல் தொடங்கும் சுமார் 26.8 கோடி முகவரிகள் 'எதிர்காலத்துக்கு' என்று 1980களிலிருந்து சும்மா கிடக்கின்றன. அதை அவிழ்த்துவிடலாம் என்ற யோசனை அவ்வப்போது வரும், அப்படியே போகும். அந்த எண்ணைப் பார்த்தாலே தூக்கியெறியும்படி பல பழைய பெட்டிகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இலக்கம் கூடாத இந்த மாற்றத்துக்கே பழைய பெட்டி இடம் கொடுக்கவில்லை.

அதனால்தான் 1995 டிசம்பரிலேயே ஐபிவி6இன் முதல் விதிமுறையை எழுதினார்கள். 128 பிட், 340 போட்டு 36 சுழியம் எழுதினால் வருகிற அளவு. பழைய பாதைக்குப் பக்கத்திலேயே புதுப் பாதை போட்டு இரண்டையும் சேர்த்து ஓட்டுவது, கூட்டம் குறைந்ததும் பழையதை மூடுவது என்பது ஏற்பாடு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது அதற்குப் பாவம் பார்க்கப் பழைய பெட்டியே இல்லை. பழைய தளங்களோடு பேசும் மொழிபெயர்ப்பு மென்பொருள் ஆண்ட்ராய்டுக்குள் 2013 முதலே இருந்தது. இன்று கூகுளின் கணக்கில் இந்தியாவிலிருந்து வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஐபிவி6. மாட்டுத்தாவணியில் மல்லிகைப் பூக் கட்டுகிற அக்காவின் கைபேசிக்குப் புது முகவரி கிடைத்துவிட்டது. கண்ணாடி இழை வாங்கிய நான் வளவில் இருக்கிறேன்.

தொழில்நுட்பம் முட்டுக்கட்டை என்று நான் நம்பவில்லை. புதுப் பெட்டிக்கு யார் காசு கொடுப்பது என்பதில்தான் சிக்கல். பழைய பெட்டி ஓடுகிறவரை கம்பெனிக்குச் செலவில்லை. பொது முகவரிக்குத் தனி வாடகையும் வருகிறது. அமேசான்கூட 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 (பழைய 32 பிட்) முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வசூலிக்கிறது. பஞ்சத்தில் வியாபாரம் நடக்கும்போது விளைச்சலுக்கு யார் அவசரப்படுவார்கள்? தாங்களும் 2021 கடிதத்தில், கம்பெனிக்குச் சொந்தமான பழைய பெட்டிகளைப் படிப்படியாக மாற்ற முயலுமாறுதான் கேட்டுக்கொண்டீர்கள். கம்பெனிகள் முயன்றுகொண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

பாராட்டு முடிந்தது. அடியேனின் விண்ணப்பம் சிறியது. மாத பில்லில் ஒரு வரி அச்சிடச் சொல்லுங்கள்: இந்த இணைப்பில் ஐபிவி6 உண்டா, பொது முகவரி உண்டா, வளவா. பெட்டிக்குள் ஐபிவி6 வசதி இருந்தும் அணைத்து வைத்திருந்தால், அதைப் போட்டுவிடக் கட்டணம் கேட்கக் கூடாது என்று ஒரு வரி. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை போகிறது. அங்கே பழைய பெட்டி என்று ஒன்று இன்னும் பிறக்கவில்லை, பிறக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய கெடு தேதி எதுவும் அறிவிக்க வேண்டாம். இருக்கிற மூன்றையே இன்னும் பயன்படுத்தி முடிக்கவில்லை.

இப்படிக்கு,
செல்லூர்ச் சந்தாதாரர் ஒருவர்