அநுபவப் புள்ளிக்காரர்

கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை வாங்கப் போகிறவர்களில், அது நன்றாக இருக்கிறதா என்று விசாரிப்பவர்கள் சாமான்யர்கள். விலை குறையுமா என்று விசாரிப்பவர்கள் சம்சாரிகள். அது தம்முடைய சுபாவத்துக்கு ஒத்துக்கொள்ளுமா என்று வாரக்கணக்கில் ஆலோசித்து, அகப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து அபிப்பிராயம் கேட்டு, கேட்ட அபிப்பிராயம் ஒவ்வொன்றினாலும் முன்னிலும் அதிகக் கலக்கம் அடைகிறவர் எவரோ அவரே அநுபவப் புள்ளிக்காரர்.

இவர் ஆர்.பி.ஜி., அதாவது ஒரு பாத்திரமாக வேஷம் தரித்து ஆடும் ஆட்ட வகையில் ஊறிப்போன பிரகிருதி. 1974-ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை அச்சிட்டு வெளியிட்டபோது, பூதத்தைக் கொன்றால் இவ்வளவு புள்ளி, புதையலை எடுத்தால் இவ்வளவு புள்ளி, போதிய புள்ளி சேர்ந்தால் ஒரு லெவல் ஏற்றம் என்று அவர்கள் வகுத்த கணக்கானது, பிற்பாடு காகிதத்தையும் பகடையையும் விட்டுக் கம்ப்யூட்டரில் குடியேறி, இவருடைய இருதயத்திலும் நிரந்தரமாக ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. செய்த காரியம் எதுவும் வீண்போகாது, உடனுக்குடன் திரையின் ஓரத்தில் வரவு வைக்கப்படும் என்கிற ஏற்பாட்டில் ஒரு மன நிம்மதி இருக்கத்தான் செய்கிறது. சித்திரகுப்தன்கூட இவ்வளவு சுறுசுறுப்பாகக் கணக்கு எழுதுவதாகக் கேள்விப்பட்டதில்லை.

இவர் ஓர் ஆட்டத்தைத் தொடங்குவது ஒரு வைபவம். 2011-இல் வெளியான 'ஸ்கைரிம்' ஆட்டத்தில் கதாநாயகனின் மூக்கு எவ்வளவு நீளம், கன்னத்து எலும்பு எவ்வளவு உயரம், தழும்பு எந்தப் பக்கம் என்பதையெல்லாம் ஆடுகிறவரே தீர்மானிக்கலாம். நம்மவர் ஒரு மாலைப் பொழுது முழுவதையும் செலவிட்டு, பிரம்மதேவனும் பொறாமைப்படும்படியான ஒரு முகத்தைச் சிருஷ்டித்துவிட்டு, அதற்குப் பிறகு அகப்பட்ட முதல் இரும்புத் தலைக்கவசத்தால் அந்த முகத்தை மூடிவிட்டு, கதை முடியும் வரையில் அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கையில் கிடைத்த பாலாடைக்கட்டி, கரண்டி, பழைய புத்தகம் முதலிய சகலத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு, அந்த ஆட்டம் ஆரம்பத்தில் அநுமதிக்கும் 300 என்ற எடையைத் தாண்டி, ஓட முடியாமல் மலைப்பாதையில் அடிமேல் அடி வைத்து நடக்கிற அந்த மகாவீரனைப் பார்த்தால் கல்லும் கரையும்.

இத்தகைய மனிதருக்குத்தான் 'தீஃப்' என்ற பழைய திருட்டு ஆட்டத்தின்மேல் ஆசை பிறந்தது. விலை மிகவும் குறைந்திருந்தது காரணமாக இருக்கலாம். என்னிடம் வந்தார்.

"ஏன் சார், அந்தத் திருடன் காரெட் எத்தனையாவது லெவல் வரைக்கும் போவான்?"

"எங்கேயும் போகமாட்டான். கடைசி வரைக்கும் அதே ஆள்தான்."

"அப்படியானால் முன்னேறுவது யார்?"

"நீங்கள்தான்."

"நானா!" என்றார். ஒரு விளையாட்டுக்காகத் தாமே முன்னேற வேண்டியிருக்கும் என்பதை அவர் அதுவரையில் யோசித்துப் பார்த்ததில்லை என்பது அந்த ஒரு சொல்லிலிருந்து எனக்கு விளங்கிவிட்டது.

விஷயம் என்னவென்றால், லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் நிறுவனத்தார் 1998-இல் வெளியிட்ட அந்த ஆட்டத்தில் கதாநாயகனான காரெட், வாட்போர் புரியத் தெரிந்தும் அதில் சோபிக்காதவன். இரண்டு காவலாளிகள் சேர்ந்துகொண்டால் அவன் கதை அநேகமாக முடிந்தது. திரையின் அடியில் ஒரு ரத்தின மணி இருக்கிறது. அவன் வெளிச்சத்தில் நின்றால் அது ஒளிர்கிறது, இருட்டில் ஒதுங்கினால் மங்குகிறது. கம்பளத்தின்மேல் நடந்தால் ஓசை இல்லை. பளிங்கிலும் இரும்பிலும் நடந்தாலோ மாளிகையே விழித்துக்கொள்ளும். தண்ணீர் நிரம்பிய அம்பை எய்து தீவட்டியை அணைக்கலாம், பாசி அம்பை எய்து தரையை மெத்தென்று ஆக்கலாம். சிலப்பதிகாரத்தில் கோவலனைக் காட்டிக்கொடுக்கிற பொற்கொல்லன், கள்வருக்குத் துணையாவன எட்டு என்று கூறி, மந்திரம், தெய்வம் தொடங்கி வரிசையாக எடுத்துச் சொல்லிக் காவலரை மயக்குகிறான் அல்லவா? அந்த எட்டில், மருந்து ஏதோ பேருக்கு உண்டென்பது தவிர, இடம், காலம், கருவி, தந்திரம் ஆகிய நான்கையே நம்பிப் பிழைப்பவன் இந்தக் காரெட். நம்மவருக்கோ மந்திரம் போட முடியாத ஆட்டம் உப்பில்லாத பண்டம்.

அவரை உண்மையிலேயே வாட்டிய சங்கதி வேறொன்று. திருடிய பொருளின் மதிப்பைக் கொண்டு அடுத்த அத்தியாயத்துக்கு வேண்டிய அம்புகளை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் செலவழியாமல் மிஞ்சும் பணம் அதற்கடுத்த அத்தியாயத்துக்கு வராது, போனது போனதுதான். ஆயுளில் ஒரு தைலப் புட்டியைக்கூட அவசரத்துக்கு உபயோகிக்காமல், இதைவிடப் பெரிய ஆபத்து வரும் வரும் என்று சேர்த்து வைத்து, கடைசி அரக்கன் மாண்ட பிறகு நூற்றுக்கணக்கான புட்டிகளோடு மேடையை விட்டு இறங்குகிறவரிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிரவு அவருக்கு நித்திரை இல்லை.

இவ்வளவுக்கும், ஒளிந்து திரிவது இவருக்குப் புதிய வித்தையா என்றால், அதுதான் இல்லை. 'ஸ்கைரிம்' ஆட்டத்தை அவர் ஒருமுறை மந்திரவாதியாகவும், ஒருமுறை கோடரி ஏந்திய முரடனாகவும், ஒருமுறை சாதுவான பாணனாகவும் தொடங்கியவர்தாம். ஆனால் எப்படித் தொடங்கினாலும் சிறிது காலத்துக்குள் இருட்டில் குந்திக்கொண்டு வில்லை வளைக்கிற ஒரே ஆளாக அந்த மூவரும் வந்து முடிந்தார்கள். இது இவர் ஒருவருடைய பலவீனமும் அல்ல. அந்த ஆட்டத்தை ஆடியவர்களிடையே இது உலகப் பிரசித்தம். மண்டையில் தைத்த அம்போடு கொள்ளைக்காரன் சற்றுநேரம் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று தன் வேலையைப் பார்க்கப் போகிற அந்த ஊரில், எவன்தான் வாளை எடுத்துக்கொண்டு நேருக்கு நேர் நிற்பான்? கடைக்காரரின் தலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கடையைக் காலி செய்ததும் நம்மவர்தாம். அதைத் திருட்டு என்று அவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. 'திறமை விருத்தி' என்பார். ஆதியிலே பார்த்தாலும், 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியான மறு ஆண்டு, 1975-இல், 'கிரேஹாக்' என்ற அநுபந்தத்தில் திருடன் ஒரு தனி ஜாதியாகச் சேர்க்கப்பட்டு, ஓசையின்றி நடப்பதற்கு இத்தனை சதவிகிதம், நிழலில் மறைவதற்கு இத்தனை சதவிகிதம் என்று அவனுக்கு அட்டவணையும் போட்டாயிற்று. திருட்டில் இவருக்கு ஆட்சேபம் இல்லை. அட்டவணை இல்லாத திருட்டில்தான் ஆட்சேபம்.

அட்டவணையைத் திருட்டோடு சேர்த்துப் பிசைந்தால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. 2018-இல் வந்த 'அசாஸின்ஸ் கிரீட் ஒடிஸி'யில், மணிக்கணக்கில் பதுங்கிப் பின்புறமாக வந்து எதிரியின் மேனியில் ஆயுதத்தைப் பாய்ச்சினாலும், அவன் நம்மைவிட உயர்ந்த லெவல்காரனாக இருந்துவிட்டால், பாதி உயிரோடு திரும்பி நின்று சண்டைக்கு அழைக்கிறான். பதவியில் மூத்தவனுக்குப் பணிந்து ஆயுதமும் மழுங்கிவிடுகிற இந்த விசித்திரத்தை நான் அபத்தம் என்றேன். அவர் நியாயம் என்றார். எங்கள் சிநேகம் அன்று சிறிது தளர்ந்தது.

சமாதானமாக, லுக்கிங் கிளாஸில் பணியாற்றிய வாரன் ஸ்பெக்டர் 2000-இல் தந்த 'டியூஸ் எக்ஸ்' ஆட்டத்தை ஆடலாமே, ஒளியவும் செய்யலாம், புள்ளியும் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். நடுவழியில் போகிறவன் இரண்டு ஊரும் சேரமாட்டான் என்றார்.

முடிவில், வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்ற 'ஸ்டீம்' கடையின் விதியை நம்பி 'தீஃப்' ஆட்டத்தை வாங்கினார். முதல் இரண்டு மணி நேரமும், கதாநாயகனின் முகத்தை அமைக்கும் பக்கம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதிலும், பாஃபோர்டு பிரபுவின் மாளிகை வாசலில் நின்ற காவலாளி தமக்கு ஏதாவது குவெஸ்ட், அதாவது செய்து முடிக்க ஒரு காரியம், கொடுப்பானா என்று அருகில் போய்ப் போய் வெட்டுப்படுவதிலும் கழிந்தன. பணம் திரும்பவில்லை, ஆகவே ஆட்டம் தொடர்ந்தது.

பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். மனிதர் எவரையும் கொல்லக் கூடாது என்று விதிக்கிற மிகக் கடினமான நிலையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு நீளமான கணக்கு நோட்டை விரித்து வைத்திருக்கிறார். காவலாளியின் முதுகுக்குப் பின்னால் அவன் அறியாமல் கடந்தால் பத்துப் புள்ளி. பளிங்குத் தரையில் சப்தமின்றிப் போனால் இருபது. தீவட்டி அணைத்தால் ஐந்து. கிணற்று வழியாக மாளிகைக்குள் புகுந்ததற்குத் தனியாக ஐம்பது. வரவையெல்லாம் சிவப்பு மையில் எழுதுகிறார். கணக்கின்படி இப்போது அவர் ஏழாவது லெவல். கையில் ஒரு திறமைப் புள்ளி மிச்சம் இருக்கிறதாம். அதை 'ஓசையின்றி நடத்தல்' பத்தியில் சேர்ப்பதா, 'நிழலில் மறைதல்' பத்தியில் சேர்ப்பதா என்று நேற்று இரவு பதினோரு மணிக்கு எனக்குப் போன் செய்து கேட்டார். எதில் சேர்த்தாலும் ஆட்டத்தில் ஒரு மாறுதலும் வராதே என்றேன்.

"தெரியும் சார். ஆனால் ஒருமுறை சேர்த்துவிட்டால் திருப்பி எடுக்க முடியாது பாருங்கள்" என்றார்.